சிட், சித்

இந்த பெஞ்சு அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்குச் செய்தது. உட்கார்ந்தால் என் முழங்கால் தாடைக்கு வருகிறது, இருந்தாலும் உட்கார்ந்திருக்கிறேன், உட்காருங்கள் என்று லிகிதா டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், சொல்லும்போது சிரித்தாளா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், சிரித்த மாதிரியும் இருந்தது, உதடு மட்டும் இழுபட்ட மாதிரியும் இருந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்ததும் வருகிறேன், இருபது நிமிஷம், அய்னாவும் வருவார் என்றாள். அய்னா இந்தப் பாலர் பள்ளியின் தலைமையாசிரியை. தலைமையாசிரியை வந்து உட்காருகிறார் என்றால் அது கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு முயல் காது தைத்து அனுப்பச் சொல்லும் பேச்சு இல்லை. நேற்று சாயங்காலம் செல்போனில் வந்த செய்தியை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கிறேன், மதிப்பிற்குரிய மாறன்ஸ் அவர்களே, உங்கள் மகள் செவ்வாய்க்கிழமை விளையாடும்போது சொன்ன ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேச வேண்டும், அவள் சொன்னது, அப்பா சித். அவ்வளவுதான் செய்தி. மாறன் என்ற பேருக்குப் பின்னால் ஒரு ஸ் போடாமல் இந்த ரீகா ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள், ஆம்பளைப் பேர் என்றால் ஸ் வேண்டும், பொம்பளைப் பேர் என்றால் ஆ வேண்டும், கயல் என்ற என் மகள் இவர்களுக்குக் காயலா. சேர்த்த முதல்நாள் காயலா, காயலா என்று கூப்பிட்டபோது தேன்மொழி என் காதோரம் வந்து, "என்னங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்றாங்களா" என்றாள், அம்பத்தூரில் காய்ச்சலுக்குக் காய்லா என்றுதானே சொல்வோம், அன்றைக்கு டிராம் ஏறி இறங்கும் வரை சிரித்தோம். அப்பா சித். லாத்விய மொழியில் சித் என்றால் அடிக்கிறார். அப்பா அடிக்கிறார்.

அடிக்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால் டீச்சர் அதை எழுதி வைப்பாள், எழுதினது தலைமையாசிரியையின் மேஜைக்குப் போகும், அவர் நினைத்தால் அங்கிருந்து பிள்ளைகளின் கோர்ட்டுக்குப் போகும், அந்தக் கோர்ட்டின் பேரை செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், அனாதைகள் கோர்ட்டு என்று வந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் குத்துக்கல் மாதிரி இருக்கும் பிள்ளைக்கு எதற்கு அனாதைகள் கோர்ட்டு, ஆனால் அவர்கள் நினைத்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் வேறு வீட்டில் வைக்கலாமாம், வேறு வீட்டில் வேறு அம்மா வேறு அப்பா, ஆறு மாசம், ஒரு வருஷம், நாங்கள் வாரத்துக்கு ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமாம். கயல் இன்னொருத்தன் மடியில் உட்கார்ந்து சூப் குடிப்பாள். ஆனால் சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. சாதாரண ஒன்று, அவர்கள் கேட்டதும் சிரித்துவிடக்கூடிய ஒன்று. எங்கள் ஊரில் நாய்க்கும் பிள்ளைக்கும் இங்கிலீஷ்தான், கம், கோ, டோன்ட் டச், சிட். பிள்ளையை உட்காரச் சொல்ல நான் சிட் என்றுதான் சொல்வேன், அப்பா சிட் சொல்கிறார் என்று அவள் சொல்லியிருக்கிறாள், நீங்கள் உங்கள் பாஷையில் கேட்டுவிட்டீர்கள், மன்னிக்கணும் மேடம், எங்கள் தப்புதான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மெதுவாக, கையை மடியில் வைத்துக்கொண்டு. இவர்களுக்கு ட் என்றும் த் என்றும் இரண்டு கிடையாது, ஒன்றுதான், அந்த ஒன்றும் பல்லில் தட்டுகிற ஒன்று. எனக்கு அப்படி இல்லை. எனக்குக் கட்டி வேறு கத்தி வேறு, குட்டு வேறு குத்து வேறு. இங்கிலீஷ் சிட்டுக்கு நம் நாக்கு மேலே மடங்கும், லாத்விய சித்துக்கு நாக்கு பல்லுக்குப் போகும். கயல் எதைச் சொன்னாள் என்று லிகிதாவுக்குத் தெரியாது, எத்தனை வருஷம் டீச்சராக இருந்தாலும் தெரியாது, நான் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு தடவையில் தெரிந்திருக்கும். டக்கென்று இன்னொன்றும் தோன்றுகிறது, அவள் சித்தப்பா என்று சொல்லியிருந்தால். ஞாயிறானால் என் தம்பி கோகுலோடு வீடியோவில் பேசுகிறாளே, சித்தப்பா, சித்தப்பா என்று கத்துகிறாளே, அதைப் பாதியில் கேட்டு, முன்னதைப் பின்னதாகப் போட்டு, இல்லை, அது நிற்காது, ஒரு பொய்க்கு இரண்டு காரணம் சொன்னால் இரண்டும் விழுந்துவிடும். பொய் இல்லை. பொய் என்று ஏன் நினைத்தேன். சிட் என்றுதான் சொல்கிறேன், தினமும் சொல்கிறேன்.

கதவுக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம். சாப்பிடும் முன் எல்லாரும் சேர்ந்து ஒரு பாட்டு மாதிரி சொல்கிறார்கள், நன்றாகச் சாப்பிடுவோம் என்று, பதினெட்டு குரல், அதில் கயலின் குரல் எது என்று பிரித்துப் பார்க்கிறேன், பிரியவில்லை. பீட்ரூட் சூப் வாசனை வருகிறது, கூடவே ஈரக் கம்பளி வாசனை. எதிரே வரிசையாகச் சின்ன அலமாரிகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படம், ஒருத்தனுக்குக் காளான், ஒருத்திக்கு அணில், எழுத்துப் படிக்கத் தெரியாது அல்லவா, அதனால் படம், கயலுக்கு முள்ளெலி. அவளுடைய கட்டிலிலும் முள்ளெலி, துண்டிலும் முள்ளெலி. எழுத்துப் படிக்கத் தெரியாது, அதுதான் என் வயிற்றெரிச்சல். காலையில் எட்டரைக்கு வந்து வட்டமாக உட்கார்ந்து இன்றைக்கு என்ன கிழமை, வெளியே வெயிலா பனியா என்று கேட்பார்கள், அப்புறம் விளையாட்டு, கோதுமையைக் கொட்டி விளையாட்டு, தண்ணீரை ஊற்றி விளையாட்டு, பொம்மை வீட்டில் பொம்மைக்குச் சோறாக்கி விளையாட்டு, அப்புறம் கொட்டுகிற பனியிலும் வெளியே போய் ஒரு மணி நேரம், சாப்பாடு, தூக்கம், மறுபடி ஒரு சின்னச் சாப்பாடு, மறுபடி விளையாட்டு. எப்போது எழுதக் கற்றுக்கொடுப்பீர்கள் என்று போன வருஷம் கேட்டேன். விளையாடிக்கொண்டே தானாக வரும் என்றாள் லிகிதா. எல்லாவற்றையும் குட்டியாக்கித்தான் பேசுவாள், ரொட்டிக்குட்டி, சூப்புக்குட்டி, காயலாக்குட்டி, அவர்கள் பாஷையே அப்படி, எதன் வாலிலும் ஒரு குட்டியைக் கட்டிவிடலாம். தானாக வருமாம். கோகுலின் மகன் தர்ஷித்துக்கு நாலரை வயசு, எல்கேஜி, நூறு வரைக்கும் எழுதுகிறான், கோட்டுக்கு வெளியே ஒரு கால் போகாது, கோகுல் அதை வீடியோ எடுத்து அனுப்பி, "அண்ணே, உங்க வெள்ளக்கார ஸ்கூல்ல கயலு என்ன எழுதுறா" என்று கேட்கிறான், சிரிக்கிற பொம்மை இரண்டு போட்டு. என்ன எழுதுகிறாள். அவள் கோதுமையில் கைவிட்டு எடுக்கிறாள். அதனால்தான் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு. நாலு கோடு நோட்டு, பென்சில், மேஜை, நாற்காலி, சிட். முதலில் ட. தமிழிலேயே சுலபமான எழுத்து, மேலிருந்து ஒரு கோடு, கீழே வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. அதற்கே அவளுக்கு ஒன்றரை மாசம் ஆனது, கோட்டை இடப்பக்கம் இழுப்பாள், பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், நாற்காலியில் முழங்கால் போட்டு நிற்பாள். சிட் என்பேன். சத்தமாக இல்லை.

நான் சத்தம் போட்டதே இல்லை. ஆபீசில் சொல்வார்கள், மாறன் பேசுவது மாறனுக்கே கேட்காது என்று. என் அப்பா அடித்தால் தெருவுக்கே கேட்கும், பெல்ட்டு, அது கிடைக்காவிட்டால் செருப்பு, மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "போதும் விடுய்யா, செத்துகித்துப் போயிடப் போறான்" என்று கையைப் பிடிப்பார், எனக்கு அடியைவிட மாடி வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்பதுதான் வலிக்கும். அப்போதே முடிவு பண்ணினேன், என் பிள்ளையின் மேல் கை ஓங்க மாட்டேன் என்று. ஓங்கவும் இல்லை. கையை உயரத் தூக்கினால்தானே ஓங்குவது. நிமிண்டுவதற்குக் கையைத் தூக்கவே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தபடியே, மேல்கையின் உள்பக்கம், அக்குளுக்கு நாலு விரல் கீழே, சதை அங்கே மெத்தென்று இருக்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், நிமிண்டி ஒரே ஒரு திருகு. நகம் படக் கூடாது, நகம் பட்டால் பிறை மாதிரி தடம் விழும். இதை அடி என்று யார் சொல்வார்கள். எங்கள் டியூஷனில் எஸ்தர் மிஸ் எல்லாரையும் இப்படித்தான் நிமிண்டும், சிரித்த முகமாக நிமிண்டும், எஸ்தர் மிஸ்ஸிடம் படித்த எல்லாரும் இன்றைக்கு வேலையில் இருக்கிறோம். கயல் முதல் தடவை அலறினாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். இப்போது அலறுவதில்லை, மூச்சு மட்டும் உள்ளே போகும், ஸ் என்று, அப்புறம் கோடு நேராக வரும். நேராக வருகிறது, அதுதான் விஷயம். தூங்கப் போகும்போது இங்கே காலுறையை மட்டும்தான் மாற்றுவார்கள், முழுக்கைப் பருத்திச் சட்டை உடம்பிலேயே இருக்கும், வியாழக்கிழமை மட்டும் கீழ்த்தளத்தில் நீச்சல், அன்றைக்கு மட்டும் கை தெரியும். தடம் போக இரண்டு நாள், மூன்றாம் நாள் வெறும் மஞ்சள். அதனால் வியாழன் சாயங்காலத்திலிருந்து திங்கள் வரைக்கும்தான். செவ்வாயும் புதனும் நான் வெறுமனே சிட் என்பேன், அவளும் உட்காருவாள். இதையெல்லாம் உட்கார்ந்து திட்டம் போட்டவன் இல்லை நான், தானாக அப்படி அமைந்துவிட்டது, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகிற மாதிரி. தேன்மொழிக்குத் தெரியுமா. ஆறிலிருந்து ஏழு வரைக்கும் அவள் அடுப்படியில் மிக்சி போடுகிறாள். எங்கள் வீட்டில் இவ்வளவு சட்னியை யார் சாப்பிடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. இன்று காலையில் நான் ஷூ மாட்டும்போது, "நீங்களே போய்ப் பேசிடுங்க, நீங்கதான் மெதுவாப் பேசுவீங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல், பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

உள்ளே விளக்கு அணைகிறது. யாரோ மெல்லிய குரலில் கதை படிக்கிறார்கள், கரடி ஒன்று எங்கேயோ போகிறது, அதற்குமேல் எனக்குப் புரியவில்லை. கதவு திறந்து லிகிதா வந்தாள், பின்னால் அய்னா, வெள்ளை முடி, கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது, இரண்டு பேரும் பெரிய நாற்காலி எதுவும் கொண்டுவரவில்லை, என் எதிரே அதே குட்டி பெஞ்சில் உட்கார்ந்தார்கள், மூன்று பேருடைய முழங்காலும் ஒரே உயரத்தில், வேறு நாளாக இருந்தால் சிரித்திருக்கலாம். இங்கிலீஷில் பேசலாம் என்றார் அய்னா. லிகிதா முதலில் ஒரு படம் காட்டினாள். கறுப்புத் தட்டில் காய்ந்த பட்டாணி, பட்டாணியை அடுக்கி அடுக்கி வரிசையாக ஒரே எழுத்து. "பாருங்கள், நாங்கள் சொல்லவே இல்லை, தானாக அடுக்கினாள். முழுத்தட்டும் எல். லாத்வியாவின் எல்" என்றாள். நான் எண்ணினேன். வரிசைக்கு அஞ்சு, நாலு வரிசை, கடைசி வரிசையில் பட்டாணி போதாமல் பாதி. எல் இல்லை அது. ட. இம்போசிஷன். "ரொம்பச் சந்தோஷம்" என்றேன். "பிறகு பொம்மை வீட்டுக்குப் போனாள்" என்றாள் லிகிதா, "கரடியை நாற்காலியில் வைத்தாள். மெதுவாக, மிக மெதுவாகச் சித் என்றாள். யார் அப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். அப்பா சித் என்றாள்." "கரடியை அடித்தாளா" என்று கேட்டார் அய்னா, ஏற்கெனவே தெரிந்ததை எனக்காகக் கேட்கிற மாதிரி. "இல்லை, அதுதான் எனக்குக் குழப்பம். அடிக்கவில்லை. கரடியின் கையைப் பிடித்துக் கொஞ்சினாள். இப்படி" என்று லிகிதா தன் சட்டைக் கையைத் தூக்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும், அக்குளுக்குக் கீழே, சரியாக அதே இடத்தில், நாலு விரல் கீழே, மெல்லத் தொட்டுக் காட்டினாள். என் முகத்தில் எதையும் அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று சிரித்தேன்.

சொன்னேன். ஒத்திகை பார்த்த மாதிரியே வந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகளிடம் இங்கிலீஷில்தான் கட்டளை, சிட் என்றால் உட்கார், தினமும் சாப்பிட உட்காரும்போது சொல்வேன், அவள் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். லிகிதா வாயைப் பொத்திக்கொண்டாள். "கடவுளே, இங்கிலீஷ் சிட்" என்றாள். அய்னா சிரிக்கவில்லை, கண்ணாடியை எடுத்து மாட்டி என்னைப் பார்த்தார், "இன்று காலை நீச்சலில் நாங்கள் அவளைப் பார்த்தோம், பார்க்க வேண்டியது எங்கள் கடமை, புரிந்துகொள்வீர்கள். உடம்பில் ஒன்றும் இல்லை" என்றார். "நன்றி" என்றேன், எதற்கு நன்றி சொன்னேன் என்று அவருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை. "நீச்சல் என்றால் அவளுக்கு உயிர்" என்றாள் லிகிதா, இப்போது அவளுக்குப் பேச்சு தாராளமாக வந்தது, "காலை வட்டத்தில் கிழமை சொல்லும்போது முதல் கை காயலாவுடையது. நீச்சலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் கேட்பாள். இந்த வகுப்பில் வாரத்தின் கிழமைகள் எல்லாவற்றையும் முதலில் கற்றுக்கொண்டவள் அவள்தான்." தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது. தானாக வரும் என்று சொன்னாளே, வந்திருக்கிறது. அய்னா எழுந்தார், முடிந்தது என்று நானும் எழப்போனேன், முழங்கால் மரத்திருந்தது, அப்போது அவர், "அவள் தூங்கவில்லை, படுத்துக்கொண்டு விழித்திருக்கிறாள், அவளையே ஒரு தடவை கேட்டுவிடுவோம், உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே" என்றார். இல்லை என்றேன். இல்லை என்றுதானே சொல்ல முடியும்.

கயல் வந்தாள், முள்ளெலிச் செருப்பு மாறிப் போட்டிருந்தாள், முடி இன்னும் ஈரம். என்னைப் பார்த்துவிட்டு லிகிதாவைப் பார்த்தாள், லிகிதாவைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தாள். லிகிதா முட்டி போட்டு உட்கார்ந்து லாத்விய மொழியில் கேட்டாள், இந்த அளவுக்கு எனக்கும் புரிந்தது, காயலாக்குட்டி, அப்பா வீட்டில் உன்னிடம் என்ன சொல்வார். ஈரமுடியிலிருந்து ஒரு சொட்டு காலரில் விழுந்தது. இவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, கை என்று ஒரு வார்த்தை, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிராம் ஏறி வீட்டுக்குப் போகும்போது நான் மட்டும் போவேன். கயல் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். போய் அதில் உட்கார்ந்தாள், முதுகு நேராக, இரண்டு கையும் மடியில், முழங்கை விலாவோடு ஒட்டி, ஆறு மணிக்கு உட்காருகிற மாதிரியே. அப்புறம் சொன்னாள், "அப்பா சித்." லிகிதா கைதட்டிவிட்டாள். அய்னாகூடச் சிரித்தார், கண்ணாடி கழுத்தில் விழுந்தது, என் தோளைத் தொட்டு, "மன்னியுங்கள், எங்களுக்கும் ஒரு பாடம், இனி எல்லா வீட்டுப் பாஷைக்கும் ஒரு பட்டியல் எழுதி ஒட்ட வேண்டும்" என்றார், லிகிதா அவரிடம் சிட், சிட் என்று சொல்லிப் பார்த்தாள், இரண்டு தடவையும் பல்லில்தான் தட்டியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஏனென்றால் எனக்குக் கேட்டுவிட்டது. கட்டி வேறு கத்தி வேறு. நாக்கு மேலே மடங்கவில்லை. பல்லுக்குப் போனது, சுத்தமாக, ஊசி இறங்குகிற மாதிரி, த். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, சொல்லுக்கு ஏற்றமாதிரி உடம்பை மடக்கி வைத்துக்கொண்டே, அவள் சொன்னது அதுதான். அந்த அறையில் அதைக் கேட்கக்கூடிய காது இரண்டே பேருக்கு. அவளுக்கும் எனக்கும்.

தூக்கம் வராத பிள்ளையை இன்று வீட்டுக்கே கூட்டிப் போய்விடுங்கள், வெளியே நல்ல பனி, விளையாடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. பனிக்கால உடுப்பு மாட்டுவது எப்போதும் பத்து நிமிஷ வேலை, கம்பளிக் காலுறை, அதற்குமேல் வழுக்குகிற துணியில் ஒரே துண்டாக ஒரு பெரிய உடுப்பு, ஒரு கால், இன்னொரு கால், வலது கை, இடது கை. கையை நுழைக்கும்போது தானாக அவள் உடம்பு ஒதுங்கியது, நான் எதுவும் செய்யவில்லை, ஜிப்பைத்தான் தேடினேன். முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்தேன். "கயலு, அது அப்பிடி இல்லம்மா. சிட். ட். நம்ம முத எழுத்து, பட்டாணில அடுக்கினியே, அந்த ட். நாக்க மேல மடக்கணும். சொல்லு." என்னையே பார்த்தாள். "சித்." "இல்ல. அப்பா வாயப் பாரு. நாக்கு பல்லுகிட்ட போகவே கூடாது. மேல, உள்ள, இங்க." என் விரலால் அவள் கன்னத்துக்கு வெளியே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன், மெதுவாகத்தான். கண் சிமிட்டாமல் நின்றாள். "விளையாட்டு மாதிரி சொல்லு. ட், ட், ட், குதிர ஓடுற மாதிரி." "சித்ட்" என்றாள். "கிட்ட வந்துட்ட. இன்னொரு தடவ." வாய்க்குள் நாக்கு திரும்புவது தெரிந்தது, அப்புறம் வந்தது, "சிட்." "திருப்பிச் சொல்லு." "சிட்." "யாரு கேட்டாலும்?" "சிட்." "வெரி குட்" என்று ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன்.

தொப்பியைப் போடும்போது கேட்டாள், "அப்பா, நாளைக்கு நீச்சல் இருக்கா?" "இல்லடா. இன்னிக்குத்தான முடிஞ்சுது." "ம்" என்றாள். அழவில்லை. முள்ளெலிப் படத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள், வாய்க்குள் லாத்விய மொழியில், காலை வட்டத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி அழுத்தம் திருத்தமாக, வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஒரு கை முழுதும் மடங்கிவிட்டது. அதற்குமேல் எண்ணவில்லை. மடங்கின கையை அப்படியே கையுறைக்குள் நுழைத்துக்கொண்டு, இன்னொரு கையை நான் பிடித்துக்கொள்ள நீட்டினாள்.